உப்பளத்தில் கேட்ட கேள்வி



புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மரக்காணம். அவ்வூரை நெருங்கும்போதே சாலையின் ஒரு பக்கத்தில் வானத்தை ஏந்திக் கிடக்கும் பாத்திகளையும், அவற்றின் வரப்புகளில் வெள்ளை வெளேரென்று நிற்கும் உப்புக் குவியல்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சிறுபாணாற்றுப்படையில் பேசப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சங்க காலத்து உமணர் வண்டிகள் புறப்பட்ட நெய்தல் நிலங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது அன்றோ? மேற்கே கழுவெளி என்னும் பரந்த உவர்நீர் ஏரி. கிழக்கே வங்கக் கடல். வடக்கிலிருந்து வந்து இங்கே முடிந்துபோகும் பக்கிங்காம் கால்வாய். இவற்றின் நடுவே மனிதன் மண்ணைச் சதுரம் சதுரமாக வகுத்துக்கொண்டு, வெயிலை நம்பி ஒரு தொழில் செய்கிறான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உப்பு அன்று. மனிதன் போடும் திட்டங்களின் மேல் கடவுளுக்கு உள்ள ஆட்சியைப் பற்றி எபிரேயர்களுடைய மறைநூல்கள் என்ன கூறுகின்றன என்பதே பொருள். ஆயினும் உப்பளத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்குப் பெருமை தருவது அன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசி மாதத்தில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மரக்காணம் சென்றிருந்தேன். உப்பு எவ்வாறு விளைகிறது என்பதை அவர்கள் கண்ணால் காணவேண்டும் என்பது என் நோக்கம். கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு அளவில் உப்பு உண்டு. அந்த நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குப் பாய்ச்சிப் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட வைக்கவேண்டும். அடர்த்தி பாமே மானியில் 25 பாகையை நெருங்கும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். அதற்கு மேலும் மிகுதியாகச் சுண்டவிட்டால் கசப்பு உப்புகள் கலந்து சரக்கு கெடும். ஆகவே நாள் கணக்கும் கண் கணக்கும் கைக் கணக்கும் ஒன்றுசேரவேண்டிய தொழில் இது. உழவனாவது மழையை வேண்டுவான். உப்பளத் தொழிலாளியோ தை முதல் புரட்டாசி வரை மழை வாராதிருக்க வேண்டுகிறார். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து ஒரே வானத்தை நோக்கி எழும் இவ்விரண்டு வேண்டுதல்களையும் நினைத்துப் பார்த்தால், கடவுளாக இருப்பதும் எளிய வேலை அன்று என்று தோன்றும்!

நாங்கள் சென்றதற்கு முதல்நாள் இரவு, பருவம் தப்பிய மழை ஒன்று பெய்திருந்தது. வாரிக் குவிக்கவேண்டிய உப்பு பாத்தியிலேயே கரைந்துபோயிற்று. இறுகியிருந்த தரை சேறாகிவிட்டது. நீரை வடித்து, மண்ணை மீண்டும் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். நடுத்தர வயதுள்ள ஓர் அம்மையார் முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆறுதல் கூறவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாணவர் கேட்கும்படி சற்று உரக்கவே சொன்னேன்: “என்ன செய்வது அம்மா, நாம் ஒன்று நினைக்கிறோம், கடவுள் சித்தம் வேறாக இருக்கிறது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மழை சாமி வேலைன்னு வச்சுக்குவோம் ஐயா. உப்புக் கரைஞ்சதால போன வாரத்துக் கூலியும் இல்லேன்னு சொல்லிட்டாங்களே, அதுவும் சாமி வேலையா?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பேச்சைப் பாமே மானிக்குத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடன் பேருந்தில் ஏறி வீடு வரை வந்தது. பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பல சமயத்து நூல்களையும் பாடமாகச் சொல்லி வந்தவன் நான். மனிதன் நினைப்பதும் கடவுள் முடிப்பதும் வேறு என்னும் கருத்தை மிகுதியாகப் பேசும் நூல்களுள் எபிரேய மறையும் ஒன்று. அந்நூல் உண்மையில் என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது, யார் வாயால் சொல்கிறது என்று அன்றிரவே மீண்டும் படிக்கத் தொடங்கினேன்.

அந்நூலை யூதர்கள் ‘தனாக்’ என்பர். தோரா என்னும் சட்டநூல், நெவியிம் என்னும் இறைவாக்கினர் நூல், கெதுவிம் என்னும் பிற எழுத்துகள் ஆகிய மூன்று பகுதிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. கிறிஸ்தவர்கள் அதனையே பழைய ஏற்பாடு என்று வழங்குவர். அது அச்சு வடிவில் தமிழுக்கு வந்ததும் இதே சோழமண்டலக் கரையில்தான். மரக்காணத்திற்குத் தெற்கே, இதே கடலின் ஓரத்தில் உள்ள தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை முடித்தபின் எபிரேய மறையைத் தமிழாக்கத் தொடங்கினார். ஆதியாகமம் முதல் ரூத் என்னும் நூல் வரை வந்தார். 1719-இல், தம் 36-ஆம் வயதில் மறைந்தார். எஞ்சியதை அவருக்குப்பின் வந்த பெஞ்சமின் சூல்ட்சு 1720-களில் முடித்து அச்சேற்றினார். மனிதனுடைய திட்டம் பாதியில் நிற்பதைப் பற்றிப் பேசும் நூல், தமிழில் வரும்போதே பாதியில் நின்று மறு கைக்கு மாறி வந்திருக்கிறது. இன்று நான் சொல்லப்போகும் யோசேப்பின் கதை முதல்வர் கையால் வந்தது. யோபுவின் கதை அடுத்தவர் கையால் வந்தது.

யோசேப்பின் கதையை உங்களுள் பலர் அறிவீர்கள். தந்தையின் செல்லப் பிள்ளை. பொறாமை கொண்ட தமையன்மார் அவனைக் குழியில் தள்ளி, பிறகு இருபது வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் விற்றுவிடுகிறார்கள். அப்போது அவனுக்கு வயது 17. எகிப்தில் அடிமை, பொய்ப் பழி, சிறை. பார்வோன் கண்ட கனவுக்குப் பொருள் சொல்லும்போது அவனுக்கு வயது 30. ஏழு ஆண்டுகள் விளைச்சல், ஏழு ஆண்டுகள் பஞ்சம் என்பது அக்கனவின் பொருள். இரண்டாம் பஞ்ச ஆண்டில், தானியம் வாங்க வந்த தமையன்மார் முன் தன்னை வெளிப்படுத்துகிறான். பின்னர்த் தந்தை எகிப்துக்கு வந்து 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்தபின், அந்தத் தமையன்மார் பழிக்கு அஞ்சி நடுங்கி நிற்கும்போது, யோசேப்பு ஒரு சொல் சொல்கிறான். அவர்கள் தனக்குத் தீங்காக எண்ணியதைக் கடவுள் நன்மையாக எண்ணினார், பலர் உயிர் பிழைக்கும்படி எண்ணினார் என்பது அதன் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியில் விழுந்த நாளுக்கும் இந்தச் சொல்லுக்கும் இடையே ஏறத்தாழ 39 ஆண்டுகள்!

இங்கே எபிரேய மொழியில் ஒரு நயம் உண்டு. தமையன்மார் எண்ணியதற்கும் கடவுள் எண்ணியதற்கும் மூலத்தில் ஒரே வினைச்சொல்தான் வருகிறது: ‘ஹாஷப்’. நம் ‘எண்ணு’ என்னும் சொல்லுக்கு நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் இரு பொருள் இருப்பது போலவே அதற்கும் உண்டு. அதே வேரிலிருந்து பிறந்த ‘ஹோஷேவ்’ என்னும் சொல், திருக்கூடாரத்தின் திரைகளில் உருவங்களை வகுத்து நெய்யும் கைவினைஞனைக் குறிக்கும். இன்றைய இசுரவேலில் கணிப்பொறிக்கு வைத்திருக்கும் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. ஆகவே யோசேப்பு சொல்வது, மனிதருடைய எண்ணம் அழிந்து கடவுளுடைய எண்ணம் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது என்பது அன்று. இரண்டு எண்ணங்களும் ஒரே நிகழ்ச்சியில் நின்றன. தமையன்மார் செய்தது தீங்குதான். கடவுள் அதை வைத்து வேறொன்றை நெய்தார் என்பதனால் அந்தத் தீங்கு நன்மையாகிவிடவில்லை. அவர்களுக்குப் பொறுப்பும் நீங்கிவிடவில்லை.

நம் மாணவர் உடனே கேட்பார்கள்: “ஐயா, இது நம் ஊழ்தானே?” ஒற்றுமை உண்டு என்பதை மறுக்கமாட்டேன். திருவள்ளுவர் ஊழை 38-ஆம் அதிகாரமாக அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார். பிறகு பொருட்பாலில் 62-ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையையும் வைத்தார். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாதபடி இரண்டையும் காத்த பேரறிவு அது. ஆனால் ஊழ் என்பது யாரும் அன்று. அதனோடு வழக்காட முடியாது. எபிரேய மறையிலுள்ள கடவுளோ வழக்காடத்தக்கவர். ஆபிரகாம் ஒரு நகரத்துக்காக அவரிடம் பேரம் பேசுகிறான். நினிவே நகரத்தின் அழிவை அறிவிக்கச் சென்ற யோனா, நகரத்தார் மனம் மாறியதைக் கண்டு கடவுளே தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்று கோபித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிடுகிறான். எரேமியா ஒரு குயவன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் வேறு கலமாக வனைவதைப் பார்க்கிறார். மக்கள் திரும்பினால் கடவுளின் எண்ணமும் திரும்பும் என்பதே அங்கே அவர் கற்ற பாடம். கல்லில் வெட்டிய விதியை அங்கே காணோம். சக்கரத்தில் சுழலும் ஈரமண்ணைத்தான் காண்கிறோம்.

யோசேப்பின் கதையில் மற்றொன்றும் உண்டு. அதைப் பெரும்பாலோர் கடந்துபோய்விடுகிறார்கள். பஞ்சம் வரும் என்று கடவுள் காட்டிவிட்டார் என்றவுடன், எல்லாம் அவர் சித்தம் என்று யோசேப்பு கைகட்டி நிற்கவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழாண்டுகள் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும், அதற்கு அதிகாரிகளை நியமிக்கவேண்டும் என்று திட்டம் வகுக்கிறான். எபிரேய மறையில் கடவுளின் ஆட்சியை இவ்வளவு தெளிவாகப் பேசும் மனிதனே அம்மறையின் மிகப்பெரிய திட்டக்காரனாகவும் இருக்கிறான்! ஆனால் அவன் திட்டமும் அவன் கையில் நிற்கவில்லை. பஞ்சம் முற்றியபோது மக்கள் தானியத்துக்காகப் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், பிறகு நிலத்தையும், கடைசியில் தங்களையும் பார்வோனுக்கு விற்றார்கள். வாங்கிக் கொடுத்தவன் யோசேப்பு. அடுத்த நூலைத் திறந்தால், யோசேப்பை அறியாத வேறொரு பார்வோன் அரியணையில் இருக்கிறான். அவன் கீழ் செங்கல் அறுக்கும் அடிமைகள் யோசேப்பின் சொந்த இனத்தார். இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தவர் யாராயினும், அவர் தம் இனத்து வீரனுக்குக்கூடச் சலுகை காட்டவில்லை.

பஞ்சமும் களஞ்சியமும் என்றதும், மரக்காணத்தில் வந்து முடியும் அந்தக் கால்வாய் என் நினைவுக்கு வருகிறது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஒரு தனியார் கால்வாயாகத் தொடங்கியது அது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஐந்து மைல் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த அதே 1877-ஆம் ஆண்டின் முதல் நாளில், விக்டோரியா அரசியாரைப் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் தில்லியில் நடந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில், நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகிராமுக்கும் குறைவு. பஞ்சத்தில் மடிந்தவர் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்பர். சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. பார்வோனுடைய எகிப்திலும் களஞ்சியம் திறந்தது. இங்கே கப்பல் திறந்தது.

அந்தக் கால்வாய் வழியே பிறகு பல பத்தாண்டுகள் மரக்காணத்து உப்பும் விறகும் நெல்லும் படகுகளில் சென்னைக்குச் சென்றன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து தேய்ந்தது. கால்வாய் தூர்ந்து கிடந்தது. அதனால் பயனில்லை என்று எல்லோரும் எண்ணினார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கரையை ஒட்டி ஓடும் அக்கால்வாய் பல இடங்களில் பாய்ந்து வந்த நீரைத் தன்னுள் வாங்கி, உள்ளே செல்லும் வேகத்தைத் தணித்தது என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். அதை வெட்டியவர் எவரும் இதை எண்ணி வெட்டவில்லை.

இந்த இடத்தில்தான், மாணவர்களே, நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 1877-இல் பசித்த வயிற்றோடு மண் சுமந்து வரப்பிலேயே விழுந்து இறந்தவனைப் பார்த்து, 2004-இல் சிலர் பிழைப்பதற்காகவே கடவுள் உன்னை இங்கே வைத்தார் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை உண்டா? அன்றிரவு நூலைப் புரட்டியபோது என்னை நிறுத்திய செய்தி இதுவே. கடவுள் அதை நன்மையாக எண்ணினார் என்ற சொல்லை யோசேப்பு தன் துன்பத்தைப் பற்றித்தான் சொன்னான். பிறர் துன்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை. குழிக்குள் கிடந்தபோது சொல்லவில்லை. பின்னோக்கிப் பார்த்துச் சொன்னான். தன் எதிரே நின்றவர்களின் பிள்ளைகளுக்குச் சோறு போடும் பொறுப்பையும் அதே மூச்சில் ஏற்றுக்கொண்டு சொன்னான். தமையன்மார் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். “தம்பி, நாங்கள் உன்னை விற்றது கடவுள் சித்தம்” என்று அவர்கள் வாயிலிருந்து வந்திருந்தால், அதே கருத்து எவ்வளவு அருவருப்பாக ஒலித்திருக்கும்!

பிறர் துன்பத்துக்கு வெளியே நின்றுகொண்டு கடவுளின் திட்டத்தை விளக்கியவர்களையும் எபிரேய மறை காட்டுகிறது. யோபுவின் நண்பர்கள் அவர்கள். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவிடம் வந்த மூவரும், முதல் ஏழு நாட்கள் இரவும் பகலும் ஒரு சொல்லும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாட்களோடு எழுந்து போயிருந்தால் அவர்கள் உலகத்தின் சிறந்த நண்பர்களாகப் பெயர் பெற்றிருப்பார்கள். பிறகு பேசத் தொடங்கினார்கள். கடவுள் நீதியுள்ளவர், ஆகவே உன் துன்பத்துக்குக் காரணம் இருக்கும் என்று அழகழகாகப் பேசினார்கள். அவர்கள் பேச்சில் பல வரிகள் தனியே எடுத்தால் பக்தி மணம் கமழும். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுத்தார். நூலின் இறுதியில் கடவுள் யார் மேல் சினம் கொள்கிறார்? தமக்கு வக்கீலாக நின்று வாதாடிய அந்த நண்பர்கள் மேல்! யோபு பேசியது போல அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். உப்பளச் சேற்றின் ஓரத்தில், வெள்ளை வேட்டி நனையாமல் நின்றுகொண்டு நான் சொன்ன ஆறுதல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அன்று அறிந்தேன்.

அப்படியானால் இந்தக் கடவுளாட்சி யாருக்கு எதிராகப் பேசப்படுகிறது? பெரும்பாலும் அரசர்களுக்கு எதிராக. கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீகப் பேரரசன் கோரேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் பாபிலோன் இடிபாடுகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு இப்போது இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவனுடைய களிமண் உருளை, தன்னைத் தேர்ந்தெடுத்தது மர்துக் என்னும் பாபிலோனியத் தெய்வம் என்கிறது. ஏசாயா நூலோ, அவனைத் தேர்ந்தெடுத்தது இசுரவேலின் கடவுள் என்றும், ஆனால் அந்தச் செய்தி அவனுக்கே தெரியாது என்றும் கூறுகிறது. உலகத்தை ஆண்டவனைப் பார்த்து, உன் வெற்றியின் பொருள் உனக்குத் தெரியாது என்று நாடிழந்த ஒரு சிறு கூட்டம் சொல்கிறது. அதன் துணிவை எண்ணிப் பாருங்கள். வேறு ஆயுதம் எதுவும் அவர்களிடம் இல்லை.

கூலியின் செய்திக்கு வருவோம். அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை என் மேசையிலேயே இருந்திருக்கிறது. மோசேயின் சட்டநூலான உபாகமத்தில், ஏழைக் கூலியாளின் கூலியை அன்றன்றே, சூரியன் மறைவதற்கு முன் கொடுத்துவிடவேண்டும் என்று ஒரு விதி உண்டு. அவன் அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்லப்படுகிறது. அவன் கடவுளிடம் முறையிட்டால் அது கொடாதவன்மேல் குற்றமாக நிற்கும். யூதேயாவை ஆண்ட யோயாக்கீம் என்னும் அரசன், விசாலமான மாடங்களும் சாளரங்களும் வைத்து, கேதுரு மரப்பலகை பாவி, சிவப்புச் சாயம் பூசி ஓர் அரண்மனை கட்டினான். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவனுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். கேதுருப் பலகையில் மிஞ்சுவதா அரசாட்சி, எளியவனின் வழக்கைத் தீர்ப்பதல்லவா கடவுளை அறிதல் என்ற பொருள்பட முழங்கினார். அரசன் என்ன செய்தான் தெரியுமா? எரேமியாவின் சொற்களை எழுதிய சுருளைக் குளிர்காய வைத்திருந்த நெருப்பில், படிக்கப் படிக்கக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துப் போட்டுக் கொளுத்தினான். எரேமியா தம் எழுத்தர் பாரூக்கைக் கொண்டு அதை மீண்டும் எழுதுவித்தார். முன்னதைவிட இது நீளமாகவே இருந்தது!

மழை பெய்தது யாருடைய சித்தம் என்ற கேள்வியை எபிரேய மறை திறந்தபடியே விட்டுவைக்கிறது. யோபுவுக்குப் புயலிலிருந்து கிடைத்த மறுமொழியும் விளக்கம் அன்று. ஆள் நடமாட்டமில்லாத பாலையிலும் மழை பெய்கிறதே, அது யாருக்காக என்னும் எதிர்க் கேள்வி அதில் ஒன்று. ஆனால் கூலியைப் பற்றி அது திறந்தபடி விடவில்லை. அது மனிதன் செய்வது. அதற்கு மனிதன் கணக்குச் சொல்லவேண்டும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் மூடியது என் பிழை. அவற்றைப் பிரித்துக் காட்டியவர் பள்ளி சென்றிராத அந்த அம்மையார்.

உப்பைப் பற்றியும் அந்த மறையில் ஓரிடம் உண்டு. சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாம் சாக்கடல் என்று சொல்வதை எபிரேயர் உப்புக்கடல் என்றே அழைத்தனர். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட எசேக்கியேல் என்னும் குருவுக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. இடிந்த கோவில் மீண்டும் எழுந்து, அதன் வாயிற்படியின் கீழிருந்து நீர் ஊறி, கணுக்காலளவு, முழங்காலளவு, இடுப்பளவு என்று பெருகி, நீந்தாமல் கடக்க முடியாத ஆறாகி, உப்புக்கடலில் சென்று விழுகிறது. செத்த கடல் நன்னீராகிறது. மீனவர் கரையில் வலை விரிக்கிறார்கள். எல்லாம் நலமாகும் அந்தக் காட்சியின் நடுவே ஒரு சிறு விலக்கு மட்டும் உண்டு: சேற்று நிலங்களும் உவர்ச் சதுப்புகளும் நன்னீராகா, அவை உப்புக்கென்று விடப்படும். கனவு காணும்போதும் அந்த மனிதருக்கு மக்களின் சமையற்கட்டு மறக்கவில்லை! 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் கரையில் நின்று, கடல்நீரும் ஏரிநீரும் கலக்கும் அந்தப் பரப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எசேக்கியேலின் அந்த விலக்கே நினைவுக்கு வரும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அடுத்த கோடையில் நான் மீண்டும் அங்கே சென்றேன். இம்முறை மாணவர் எவரும் உடன் இல்லை. அந்த அம்மையாரைத் தேடிக் கண்டேன். தலை சற்று நரைத்திருந்தது. உப்பை வாரி வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் சொன்னதையும் அவர் கேட்டதையும் நினைவுபடுத்தியபோது சிரித்தார். சூரியன் மறைவதற்குள் கூலி கொடுக்கவேண்டும் என்று ஒரு பழைய சட்டம் இருந்ததை அவருக்குச் சொன்னேன்.

“எந்த ஊர்ச் சட்டம் ஐயா?” என்று கேட்டார்.

எபிரேயர் என்னும் பழங்கால மக்களுடையது என்றேன்.

“அவங்களும் உப்பு வாருனாங்களா?”

வாரினார்கள் என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டு பலகையை மீண்டும் கையில் எடுத்தார். அந்தப் பழைய வாரக் கூலி வந்ததா என்று கேட்டேன். “பாதி வந்துச்சு ஐயா. ஏழு பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம். மீதிக்கு இந்த வெள்ளிக்கிழமையும் போறோம்” என்றார்.